தரைப்பாலத்தில் நின்ற வண்டி

ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார் சைக்கிள் நடுவழியில் திடீரென்று நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித் தருகிற எந்தப் புத்தகத்திலும், எந்த ஒர்க்‌ஷாப்பிலும், எந்த ஆணின் வாயிலும், பின்னால் உட்கார்ந்திருப்பவள் வருவதில்லை. பெட்ரோல் வரும், பிளக் வரும், கார்பரேட்டர் வரும், பிஸ்டன் வரும், ஓட்டுகிறவனின் கையும் காலும் வரும். ஒரு கையால் பின்கம்பியையும் மறு கையால் மடியிலிருக்கும் பையையும் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் ஒரே பக்கமாகத் தொங்கவிட்டு வருகிறவள், மிஞ்சிப்போனால், சுமை என்ற சொல்லுக்குள் அரிசி மூட்டைக்கும் காஸ் சிலிண்டருக்கும் பக்கத்தில் வருவாள். வண்டி நின்றதும் அவள் இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். ஓடைக்குறிச்சிக்கும் கீழவரப்பூருக்கும் நடுவிலிருக்கிற தரைப்பாலத்தில் அறிவழகனின் வண்டி நின்றபோது அப்படி இறங்கி ஓரமாக நின்றவளின் பெயர் செம்மலர். இது அவளுடைய கதை; ஆகவே வண்டியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

செம்மலர் அந்த ஐப்பசியில் பிறந்த வீட்டுக்கு வந்தபோது அவள் தலை நனைந்திருந்தது. மழை பெய்யவில்லை. கீழவரப்பூரில் அவள் கணவன் பாஸ்கர், கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் நிரப்பிவைக்கும் சிமெண்டுத் தொட்டிக்குள் அவள் தலையை அமுக்கிப் பிடித்திருந்து, மூச்சு அறுந்துபோவதற்குச் சற்று முன்னால் தூக்கிவிட்டிருந்தான். காரணம் கேட்காமல் இருக்க முடியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அன்றைக்குக் காரணம், அவனுக்கு முன்னால் அவள் சாப்பிட்டுவிட்டாள் என்பது, வேறொரு நாளாக இருந்தால் வேறொன்று இருந்திருக்கும். அவள் பின்வாசல் வழியாக இறங்கி, ரோட்டுக்கு வந்து, பஸ் ஏறி, ஓடைக்குறிச்சியில் இறங்கி, அம்மாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"அடுத்த தடவ தூக்கமாட்டாம்மா" என்றாள்.

"மொதல்ல சாப்புடு" என்றாள் அஞ்சலை.

"நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. ரசம் ஊத்தட்டுமா?"

அஞ்சலைக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனால் அந்த வீட்டில் செம்மலருக்குப் பின்னால் தேன்மொழி என்று ஒரு தங்கை இருந்தாள், தேன்மொழிக்குத் தை மாதம் நிச்சயம் செய்வதாக ஒரு பேச்சு இருந்தது, அக்காக்காரி வாழாமல் வந்து உட்கார்ந்திருக்கும் வீட்டில் தங்கைக்குப் பந்தல் போட முடியாது என்று எல்லாருக்கும் தெரிந்த ஒரு விதி இருந்தது, ஆகவே ரசம் ஊற்றுவதைத் தவிர அஞ்சலைக்கு வேறு வேலை இருக்கவில்லை.

அந்தப் பக்கத்தில் கோபித்துக்கொண்டு வந்த பெண்ணைக் கொண்டுபோய் விடுவதற்கு ஒரு முறை உண்டு. உடன்பிறந்தவன் தன் வண்டியில் பின்னால் உட்காரவைத்து, தலையில் பூவும் மடியில் இனிப்புமாகப் புருஷன் வீட்டு வாசலில் இறக்கி, ஒரு டம்ளர் காப்பி குடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். அப்படி வந்தால் அவள் ஆளிருக்கிற பெண். தானாக நடந்து வந்தாலோ, கதியற்றுத் திரும்பியவள். அவளை என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பாஸ்கரின் தாயும் அப்படித்தான் சொல்லியனுப்பியிருந்தாள்: கொண்டுவந்து விட்டால் சேர்த்துக்கொள்வோம், நடந்து வந்தால் வாசற்படி ஏற்றமாட்டோம். கொண்டுவந்து விட்டவன் காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பியபிறகு அந்த ஆளிருப்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அண்ணன் அறிவழகன் சிமெண்டு ஆலையில் ஒப்பந்தக் கூலி. அவன் கெட்டவன் அல்ல. கெட்டவனாக இருந்திருந்தால் இதைச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். தங்கையைப் பள்ளிக்கூடத்துக்கு இதே வண்டியில்தான் கொண்டுபோய் விட்டான், பரீட்சை முடிந்து வரும்வரை வாசலில் காத்திருந்தான், அவள் கல்யாணத்தில் எல்லாரையும்விட அதிகமாக அழுதவனும் அவன்தான். அவன் ஒரு நல்ல நாள் பார்த்து, வண்டியைக் கழுவி, டாங்கை நிரப்பி, அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். சோளக்காடுகளையும் சுண்ணாம்புக்கல் குழிகளையும் தாண்டி, ஓடை குறுக்கிடும் இடத்தில், ரோடு கீழே இறங்கித் தரைப்பாலமாகி மறுபடி மேலேறும் அந்தப் பள்ளத்தின் நட்ட நடுவில், வண்டி நின்றது. இருமவில்லை, குலுங்கவில்லை, வேகம் குறையவில்லை. ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் ஓடாமலிருந்தது.

அறிவழகன் இறங்கி மூடியைத் திறந்து டாங்கை ஆட்டிப் பார்த்தான், பெட்ரோல் தளும்பியது. ரிசர்வில் திருப்பினான். உதைத்தான். பிளக்கைக் கழற்றி, கரியைச் சுரண்டி, ஊதி, திரும்ப மாட்டி, மறுபடி உதைத்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"வண்டிக்கு ஒண்ணுமில்லண்ணா" என்றாள் ஓரமாக நின்ற செம்மலர். "நான் அங்க போனா செத்துருவேன். அதான் நிக்கிது."

"நீ வேற ஏன் பாப்பா நேரங்காலம் தெரியாம. சித்த சும்மா நில்லு."

வேறு வழியில்லாமல் வண்டியை ஊர்ப்பக்கமாகத் திருப்பித் தள்ளத் தொடங்கினான். மேட்டில் ஏறுமுன் ஒருமுறை சும்மா உதைத்துப் பார்த்தான். அது முதல் உதையிலேயே எடுத்து, வீடு வரைக்கும் பூனைபோல் முனகிக்கொண்டு வந்தது.

ஓடைக்குறிச்சியில் தங்கதுரையைவிட நல்ல மெக்கானிக் கிடையாது. அதைத் தங்கதுரையே எல்லாரிடமும் சொல்லியிருந்தான். வண்டியை முழுக்கப் பிரித்து, டீசலில் கழுவிக் கோத்து, "இனிமே இது டெல்லி வரைக்கும் போவும், இந்தா இருக்குற கீழவரப்பூரு போவாதா?" என்று சொல்லி, தன் வண்டியில் அவர்களுக்குப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு வந்தான். தரைப்பாலத்தின் நட்ட நடுவில் அறிவழகனின் வண்டி நின்றது.

"எந்த வண்டி நின்னாலும் மூணே காரணந்தான் அறிவு" என்றான் தங்கதுரை, மண்ணில் குந்தியபடி. "ஒண்ணு பெட்ரோல் வர்ல. இல்ல கரண்டு வர்ல. இல்ல உள்ள காத்து நிக்கல. நாலாவது காரணம் உலகத்துலயே கெடையாது."

அவன் கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திறந்தான், நிறைந்திருந்தது. பிளக்கைக் கழற்றி எஞ்சின் தலையில் சாய்த்துவைத்து உதைக்கச் சொன்னான்; நீலப்பொறி தாவியது. பிளக் இருந்த துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு உதைக்கச் சொன்னான். உள்ளிருந்த காற்று விரலை வெளியே தள்ளியது. மூன்றும் இருந்தன. வண்டி ஓடவில்லை.

"நாலாவது காரணம் நாந்தாண்ணே" என்றாள் செம்மலர்.

தங்கதுரை அவளை ஏற இறங்கப் பார்த்தான். "வெயிட்ட சொல்றியா தங்கச்சி? சே சே. ஒன்ன மாரி மூணு பேர இது இழுக்கும்."

இரண்டு ஆண்களும் சிரித்தார்கள். கவனியுங்கள், அவள் சொன்னது அவர்கள் காதிலும் விழுந்தது.

பிறகு வண்டி மாற்றப்பட்டது. தங்கதுரையின் வண்டி நின்றது; சித்தப்பா மகனின் புது வண்டி, பொட்டு வைத்த மஞ்சள் காயாதது, நின்றது; வாடகைக் கார் நின்றது; அவள் ஏறியிருந்த டவுன் பஸ்கூட நின்று, ஆலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் இறங்கித் தள்ளியும் நகராமல், அவள் இறங்கியதும் உறுமிக்கொண்டு கிளம்பியது; அன்றிலிருந்து கண்டக்டர், "அந்தப் பொண்ணு கை காட்டுனா நிறுத்தாதீங்க டிரைவரே" என்று சொல்லத் தொடங்கினார். அவளைப் பாலத்துக்கு அப்பால் நடக்கவைத்து, வண்டியையும் தள்ளிக்கொண்டுபோய் அங்கே ஏற்றிப் பார்த்தார்கள். கீழவரப்பூரைப் பார்த்து ஓரடி உருளுமுன் அது நின்றது. அவள் ஏறாதபோது எந்த வண்டியும் நிற்கவில்லை. அவள் ஏறி வீட்டைப் பார்த்துத் திரும்பியபோதும் எந்த வண்டியும் நிற்கவில்லை.

இதில் ஊர் பெரிதாக ஆச்சரியப்பட்டது என்று நினைத்துவிட வேண்டாம். ஊரில் அதற்கு முன்பும் கிணறு வற்றியிருக்கிறது, வானிலிருந்து ஆலைச் சாம்பல் பொழிந்திருக்கிறது, ஒரே குழந்தைக்கு இரண்டு முறை அம்மை போட்டிருக்கிறது. வண்டி நிற்பது அவற்றோடு ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. வண்டி நிற்கும் இடத்தில் ஆள் நிற்பான், ஆள் நிற்கும் இடத்தில் டீ விற்கும் என்று கண்ட ஒருவன் பாலத்தின் ஓரமாகக் கீற்றுக் கொட்டகை போட்டான். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துத் தொங்கவிடுகிறவன் வந்தான். எஞ்சினியரிங் காலேஜிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர் வந்து, பூமிக்கடியில் காந்தப்பாறை இருக்கிறது என்று அரைமணி நேரம் பேசி, டீ குடித்துவிட்டு, தன் வண்டியில் சௌகரியமாகக் கிளம்பிப் போனார். காந்தத்துக்கு ஏன் ஒரு பெண்ணை மட்டும் அடையாளம் தெரிகிறது என்று அவரை யாரும் கேட்கவில்லை. ரோட்டைக் கொத்திப் பார்த்தார்கள், ஓடைக்குக் கிடா வெட்டினார்கள், பாலத்தின் கைப்பிடிக்கல்லுக்கு மஞ்சள் துணி சுற்றினார்கள், சுற்றிய துணிக்குச் சாம்பிராணி காட்டினார்கள். பெட்ரோலை ஆராய்ந்தார்கள், ரோட்டை ஆராய்ந்தார்கள், பாறையை ஆராய்ந்தார்கள், கிரகத்தை ஆராய்ந்தார்கள். செம்மலர் ஓரமாக நின்றாள்.

ஆண்கள் இப்படி ஆராய்ந்துகொண்டிருக்கையில் பெண்கள் வேறொன்று செய்தார்கள். அவர்கள் வண்டியைப் பிரிக்கவில்லை; ஏறி உட்கார்ந்தார்கள். "வாங்களேன், தரைப்பாலம் வரைக்கும் ஒரு சுத்து போய்ட்டு வருவோம்" என்று புருஷன்மாரிடம் கேட்டார்கள். பிறந்த வீட்டுக்கு வந்திருந்த மகள்கள், திரும்பிப் போகும்போது பஸ் வேண்டாம் அந்த வழியாக வண்டியிலேயே போகலாம் என்றார்கள். தரைப்பாலத்தில் வண்டி இறங்கும்போது கண்ணை மூடிக்கொண்டார்கள். பலருக்கு வண்டி நிற்கவில்லை. சிலருக்கு நின்றது. யாருக்கு நிற்கும் என்று ஊர் நினைத்திருந்ததோ அவர்களுக்கு நிற்கவில்லை. யாருக்கு நிற்காது என்று நினைத்திருந்ததோ அவர்களில் ஒருத்திக்கு நின்றது. ஊராட்சித் தலைவர் வையாபுரியின் மருமகள் அபிராமி, பட்டுச்சேலையோடு, தலைவரின் மகன் பின்னாலேயே உட்கார்ந்து கல்யாணத்துக்குப் போகையில், டீக்கடையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, வண்டி நின்றது. அவள் இறங்கி ஓரமாக நின்றாள். யாரையும் பார்க்கவில்லை. பிறகு அந்தக் கழுத்தில் அவ்வளவு நகை ஏன் என்று சில பெண்கள் முதல்முறையாக யோசித்தார்கள்.

சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் சாரதாவுக்கு வண்டி நிற்கவில்லை. பெல்ட்டின் கொக்கி அவள் முதுகில் எழுதியிருந்ததை ஊரில் எல்லாப் பெண்களும் குளிக்கும் இடத்தில் படித்திருந்தார்கள். அவளுக்கு நிச்சயம் நிற்கும் என்று எல்லாரும் நம்பினார்கள். வண்டி வழுக்கிக்கொண்டு போய்த் திரும்பியது. அன்று மாலையே அவள் புருஷன் டீக்கடையில், "பாத்தீங்கள்ல, எஞ்சினே சொல்லிருச்சி. நான் அடிக்கிறதெல்லாம் சும்மா தட்டுறதுதான்" என்றான்; கடையில் சிரிப்பு எழுந்தது. அன்றிலிருந்து அழுதுகொண்டு வந்த எந்த மகளையும் அம்மாக்கள், "ஒனக்கு வண்டி நிக்கலியேடி, அப்பறம் என்ன?" என்று கேட்கத் தொடங்கினார்கள். ஊர் அதிசயத்தை உள்வாங்கியது இப்படித்தான்: நின்ற வண்டியைப் பழுது என்றது, நிற்காத வண்டியைச் சாட்சி என்றது.

"எனக்கு ஏன் நிக்கலன்னு யோசிச்சேன் செம்மலரு" என்றாள் சாரதா, குழாயடியில். "நான் சாகமாட்டேன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு. அவ்ளோதான். சாவுற அளவுக்கு இல்லாததெல்லாம் அது பாக்காது போல."

"அதுவாச்சும் அந்த அளவுக்குப் பாக்குதேக்கா."

"ஆமாடி. நம்ம ஆளுங்க அதையும் பாக்க மாட்டாங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிக்கும்போது சாரதா முதுகை நிமிர்த்தாமல் சிரித்தாள்.

கார்த்திகை முடிந்து மார்கழியும் வந்தது. செம்மலர் பிறந்த வீட்டில் இருந்தாள், சாப்பிட்டாள், நூறு நாள் வேலைக்குப் போனாள், தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டாள், கன்னம் கொஞ்சம் தேறியது. ஒருநாள் அவளை அறியாமலேயே பாத்திரம் கழுவும்போது பாடினாள். அதை அஞ்சலை கேட்டாள். கேட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேறு அறைக்குப் போய்விட்டாள். அந்த இரண்டு மாதத்தையும் செம்மலருக்கு ஒரு எஞ்சின் கொடுத்தது. அதை ஒரு மனிதரும் கொடுக்கவில்லை.

ஆனால் வண்டி நிற்பது பக்கத்து ஊர்களுக்குத் தெரிந்துபோனது. ஓடைக்குறிச்சிப் பெண்ணைக் கட்டினால், பெண் கோபித்துக்கொண்டு போனால் திரும்பக் கொண்டுவந்து விட முடியாதாம் என்றார்கள். அது என்ன, வாங்கிய பொருள் கைநழுவினால் திரும்பி வராத கடையா என்று கேட்டார்கள். பேசிவைத்த சம்பந்தங்கள் ஒவ்வொன்றாக நழுவின. தேன்மொழியைப் பார்த்துவிட்டுப் போன பையன் வீட்டார், ஜாதகம் சரியில்லை என்று சொல்லியனுப்பினார்கள். தேன்மொழி யாரோடும் பேசாமல் இரண்டு நாள் படுத்துக் கிடந்தாள். எழுந்ததும், அக்காவுக்கு முன்னால் வைத்த தட்டை ஓசையுடன் வைத்தாள். அவளையும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவளுக்கும் பந்தலைத் தவிர வேறெந்தக் கதவையும் யாரும் காட்டியிருக்கவில்லை.

தன் மருமகளின் பெயர் டீக்கடையில் அடிபடுவதைத் தாங்க முடியாத வையாபுரிதான் கடைசியில் ஊரைக் கூட்டினார். கூட்டம் தரைப்பாலத்திலேயே நடந்தது, பகலில், கீற்றுக் கொட்டகைக்கு முன்னால். ஆண்கள் பெஞ்சியிலும் பெண்கள் கைப்பிடிக்கல்லை ஒட்டியும் இருந்தார்கள். தலைவர், "இது ஒரு குடும்பத்துப் பிரச்சின இல்ல, ஊர் மானப் பிரச்சின" என்று தொடங்கினார். அபிராமியின் பெயரை அவர் சொல்லவில்லை.

"நான் கொஞ்சம் பேசணுங்க" என்றாள் செம்மலர்.

"ஒன் அண்ணன் இருக்கான்ல. அவன் பேசுவான்."

"அவன் பேசட்டுங்க. நான் முடிச்சதும் பேசட்டும்." அவள் முன்னால் வந்து நின்றாள். "வண்டியப் பிரிச்சீங்க. ரோட்டத் தோண்டுனீங்க. கெடா வெட்டுனீங்க. என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? அந்தாளு என்னையத் தொட்டிக்குள்ள அமுக்கினான், தூக்கினான். அடுத்த தடவ தூக்கமாட்டான். நான் அங்க போனா செத்துருவேன். மொத நாள்லேருந்து இதத்தான் சொல்றேன். வண்டிக்கு இது தெரிஞ்சிருக்கு, நிக்கிது. ஒங்களுக்குந்தான் தெரிஞ்சிருக்கு. நீங்கதான் நிக்க மாட்டேங்கிறீங்க."

ஒரு நிமிடம், கேட்டுக்கொண்டிருந்த எல்லாரும் அங்கேயே நின்றுவிடுவார்கள் போலிருந்தது. அறிவழகன் வாயைத் திறந்து மூடினான். அஞ்சலை கைப்பிடிக்கல்லின் மஞ்சள் துணியை இறுக்கிப் பிடித்திருந்தாள். அப்போது தங்கதுரை பெஞ்சியிலிருந்து துள்ளி எழுந்தான்.

"தெரிஞ்சிருக்குன்னு சொன்னுச்சில்ல? அதாங்க பாயிண்டு! வண்டிக்குத் தெரியுதுன்னா, எத வச்சிங்க தெரியுது? வண்டிக்குக் கண்ணா இருக்கு? இவ மொகந்தாங்க கண்ணு. வீட்டப் பாத்து ஒக்காந்தா ஓடுது, கீழவரப்பூரப் பாத்து ஒக்காந்தா நிக்கிது. அவ பாக்குறததான் அது பாக்குது. அப்ப, போற பக்கம் பாக்காம, வர்ற பக்கம் பாத்து ஒக்கார வச்சிட்டா?"

அவள் பேசிய அத்தனையிலிருந்தும் அவன் எடுத்துக்கொண்டது இதை மட்டும்தான். உயிருக்காக ஒருத்தி சொன்ன வாக்குமூலம், ஒரு மெக்கானிக்கின் காதில், பழுதைக் கண்டுபிடிக்கிற துப்பாக விழுந்தது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது; நிம்மதியின் பெருமூச்சு. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். "எனக்கு அப்பவே தோணுச்சி" என்று இரண்டு பேர் சொன்னார்கள். தலைவர் தங்கதுரைக்குத் துண்டு போர்த்தினார். கிழவிகள் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுடுகாட்டுக்குப் போகும் பாடையைப் பாதிவழியில் இறக்கி, தலைமாட்டைத் திசைமாற்றித் தூக்குவது அவர்களுக்குத் தெரியும், செத்தவருக்கு வீட்டுக்குத் திரும்பி வருகிற வழி தெரியாமல் போகட்டும் என்பதற்காக அப்படிச் செய்வதும் தெரியும்.

தை மாதத்தில், தேன்மொழிக்கு வேறொரு வரன் விசாரித்துக்கொண்டிருக்கையில், நாள் குறித்தார்கள். அஞ்சலை மகளுக்குத் தலை வாரினாள். நெடுநேரம் வாரினாள். சிக்கே இல்லாத தலையில் சிக்கெடுத்தாள்.

"அம்மா, நீ ஒரு வார்த்த வேணான்னு சொல்லு. அண்ணன் நிறுத்திருவான்."

"எல்லாம் சரியாப் போவும்டி. ஒரு புள்ளயப் பெத்துக்க. மாறிருவாரு."

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா" என்றாள் செம்மலர்.

அஞ்சலை பூவை வைத்தாள்.

வண்டியின் பின்னிருக்கையில் அவளை முதுகோடு முதுகாக, வீட்டைப் பார்த்தபடி உட்காரவைத்தார்கள். அப்படி உட்கார்ந்தால் பிடிக்க எதுவுமில்லை என்பதால், அறிவழகனின் இடுப்போடு சேர்த்து அவளை ஒரு துண்டால் தங்கதுரை கட்டினான். இனிப்புப் பையை மடியில் வைத்தான். அறிவழகன் ஒருமுறை திரும்ப முயன்றான். கட்டியிருந்ததால் அவனால் தங்கையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "ஒக்காந்துட்டியா பாப்பா?" என்று கேட்டான், பள்ளிக்கூட நாட்களில் கேட்டதுபோல. அவன் உதைத்தான். வண்டி எடுத்தது.

வழக்கமாக ஒருத்தியைக் கொண்டுபோகும்போது ஊருக்குத் தெரிவது அவள் முதுகுதான். ஊர் கையசைக்கும், முதுகு போய்விடும், எல்லாரும் வேலையைப் பார்ப்பார்கள். அன்று போனது முகம். கூட்டம் முழுவதும் மெல்ல உருண்ட வண்டிக்குப் பின்னாலேயே தரைப்பாலம் வரைக்கும் நடந்து வந்ததால், செம்மலர் அவர்கள் ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டே போனாள்: அம்மாவைப் பார்த்தாள், தேன்மொழியைப் பார்த்தாள், தலைவரைப் பார்த்தாள், அபிராமியைப் பார்த்தாள், முதுகை நிமிர்த்தாத சாரதாவைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை, சபிக்கவில்லை, பார்த்தாள். ஒருவர் பின் ஒருவராகக் குனிந்துகொண்டார்கள். பள்ளத்தில் இறங்கியபோது, பாலத்தின் நட்ட நடுவில், எஞ்சின் ஒருமுறை தடுமாறியது. மனிதர் பேசவந்து நிறுத்திக்கொள்வதுபோல ஒரு இடைவெளி. பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். செம்மலரின் கண்ணில் தெரிந்தது ஓடைக்குறிச்சி மட்டும்தான். ஓடைக்குறிச்சியைக் கண்ட எஞ்சின், வீட்டுக்குத்தான் போகிறோம் என்று நம்பி, பூனைபோல் முனகிக்கொண்டு, மேட்டில் ஏறி, அவளைக் கீழவரப்பூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆண்கள் கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு அந்தத் தரைப்பாலத்தில் எந்த வண்டியும் நிற்கவில்லை. ஒருமுறை ஏமாற்றப்பட்டது இனி எதையும் நம்புவதில்லை என்று முடிவுசெய்துவிட்டதோ, அல்லது ஊரோடு சேர்ந்து அதுவும் கற்றுக்கொண்டதோ, தெரியாது. முகத்தை எந்தப் பக்கம் வைத்து உட்கார்ந்தாலும், கண்ணை மூடிக்கொண்டாலும், வேண்டிக்கொண்டாலும், கைப்பிடிக்கல்லில் முடிச்சுப் போட்டாலும், வண்டிகள் ஓடின. மாசியில் அபிராமி தன் புருஷனின் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பள்ளத்தில் இறங்கினாள், கண்ணைத் திறந்தபோது மேட்டில் இருந்தாள். எலுமிச்சம்பழக்காரன் போனான். டீக்கடை சில நாள் இருந்து, அதுவும் போனது. சம்பந்தங்கள் திரும்பி வந்தன. தேன்மொழிக்கு வைகாசியில் கல்யாணம் முடிவானது. தங்கதுரையின் ஒர்க்‌ஷாப்புக்கு வெளியூரிலிருந்தெல்லாம் வண்டி வந்தது. ஓடிய வண்டிகளின் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி, முன்புபோலவே, எந்தப் பேச்சும் இல்லை.

செம்மலர் பங்குனியில் இறந்தாள். மாட்டுக்குத் தண்ணீர் மொள்ளப் போனவள் தலைசுற்றித் தொட்டிக்குள் விழுந்துவிட்டாள் என்று பாஸ்கரும் அவன் தாயும் சொன்னார்கள். தொட்டியின் விளிம்பு அவள் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே; விழுந்தாலும் கையூன்றி எழுந்துவிடலாம். விசாரிக்க வந்த போலீஸ்காரர்கள் அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு போனார்கள். யார்மீதும் வழக்கு இல்லை. பிறந்த வீட்டுக் கோடி போட வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். அறிவழகன் ஒரு சிவப்புச் சேலை வாங்கி, அதைப் பின்னிருக்கையில் வைத்து, பறந்துவிடாமல் அதே துண்டால் கட்டிக்கொண்டு போனான். தரைப்பாலத்தின் நட்ட நடுவில் அவன் வேகத்தைக் குறைத்தான். பிறகு இன்னும் குறைத்தான். வண்டி நிற்கவில்லை. சேலையைப் போர்த்தினார்கள். கீழவரப்பூரில், புருஷன் வீட்டார் சுடுகாட்டில், அவளை எரித்தார்கள்.